டர்போ லாரிக்குப் பெரிய புகைக்குழாய் போட்டால் இழுவை கூடுமா?

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வண்டி உதிரிபாகக் கடைகளின் முகப்பில் பளபளக்கும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாய்கள் வரிசையாகத் தொங்குவது புதிதல்ல. முன்பெல்லாம் பைக் வைத்திருக்கும் பையன்கள்தான் அங்கே நின்று விலை கேட்பார்கள். இப்போது பிக்கப் வண்டிக்காரர்களும் சிறிய லாரி வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். கடைக்காரரின் விளக்கம் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: டர்போ வண்டியில் புகை எவ்வளவு தாராளமாக வெளியேறுகிறதோ அவ்வளவுக்கு இழுவை கூடும், மைலேஜும் கூடும். கிருஷ்ணகிரியிலிருந்து கலாசிப்பாளையத்துக்குக் காய்கறி லோடு ஓட்டும் என் அத்தை மகன், இந்த விளக்கத்தைக் கேட்டு முன்பணம் கொடுக்கும் நிலைக்கு வந்த பிறகுதான் எனக்குப் போன் செய்தார். "மாப்ளே, மூணு இஞ்சு பைப்பு போட்டா சூளகிரி மேட்டுல கியர் கொறைக்காம ஏறிடும்ங்கிறான், நெசமா?" என்று கேட்டார்.

நான் பீன்யாவில் ஒரு சிறு பட்டறையில் டீசல் ஜெனரேட்டர்களுக்குப் புகைக்குழாய் அமைக்கும் வேலையில் இருக்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் நிற்கும் டர்போ இன்ஜினின் புகையை மொட்டைமாடிக்கு மேல் கொண்டுபோய் விடுவதென்றால், குழாய் எத்தனை அங்குலம், எத்தனை வளைவு, அதனால் இன்ஜினின் மீது எவ்வளவு அழுத்தம் திரும்ப விழுகிறது என்று முதலில் கணக்குப் போட்டாக வேண்டும். ஆகவே என் அத்தை மகன் கேட்டது எனக்குச் சோறு போடும் கேள்விதான். கடைக்காரர் சொல்லும் அடிப்படை சரியானது. ஆனால் அதிலிருந்து அவர் எட்டும் முடிவு நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தாது. அது ஏன் என்பதைக் கணக்கோடு சொல்வது நல்லது என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் கணக்குப் போடாமலேயே பேசுகிறார்கள்.

முதலில், எதிர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு தவறான வாதத்தை ஒதுக்கிவிடலாம். "இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும் சார், இல்லேன்னா இழுக்காது" என்று பல மெக்கானிக்குகள் சொல்வார்கள். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின்களில் குழாயின் நீளமும் விட்டமும் புகையின் அலைவேகத்தோடு பொருந்தி அமைக்கப்பட்டிருக்கும். அங்கே அளவில்லாமல் பெரிய குழாயைப் போட்டால் குறைந்த வேகத்தில் இழுவை குறைவது உண்மை. அதற்குக் காரணம் அலைப் பொருத்தம் கெடுவதுதான், பின்னழுத்தம் (பேக் பிரஷர்) போய்விட்டது என்பதல்ல. டர்போ டீசல் இன்ஜினுக்கு, டர்போவுக்குப் பின்னால் இருக்கும் அழுத்தத்தால் இழுவையில் எந்த நன்மையும் இல்லை. குறைந்தால் நல்லதுதான்.

எவ்வளவு நல்லது என்பதற்கு டர்போ வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905-ஆம் ஆண்டுக் காப்புரிமையில் விவரித்த ஏற்பாட்டிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நம் லாரிகளில் இருக்கிறது: வீணாகப் போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது, அதே தண்டில் இருக்கும் மற்றொரு சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. புகைச் சக்கரத்தைச் சுழற்றுவது அதற்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள விகிதம். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 0.9 பார் (பார் என்பது அழுத்த அலகு, கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார்). புகைக்குழாயும் சைலன்சரும் சேர்ந்து 0.1 பார் தடை கொடுக்கின்றன என்று வைத்துக்கொண்டால், டர்போவுக்குப் பின்னால் 1.0 பார். விகிதம் இரண்டாக இருக்க வேண்டுமென்றால் முன்னால் 2.0 பார் தேவை. இப்போது அந்தத் தடை முழுவதையும் எடுத்துவிட்டால், பின்னால் 0.9, முன்னால் 1.8 போதும். பின்னால் மிச்சம் பிடித்த 0.1 பார், முன்னால் 0.2 பாராகப் பெருகி நிற்கிறது. பிஸ்டன் புகையை வெளியே தள்ளும்போது அந்த 0.2 பார் எதிர்ப்பு இல்லாமல் தள்ளுகிறது. ஒரு சிறு தடைக்கு டர்போ வண்டி அதிகம் உணர்வு காட்டுகிறது என்று சொல்வது இதனால்தான், கடைக்காரரின் வாதத்தில் உள்ள உண்மையும் இதுதான்.

ஆனால் அந்த 0.2 பாரை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. முழு லோடில் ஏற்றம் ஏறும் டர்போ டீசல் இன்ஜினில், பிஸ்டன் மீது வேலை செய்யும் சராசரி அழுத்தம் 15 முதல் 20 பார் வரை இருக்கும். அதில் 0.2 பார் என்பது ஏறக்குறைய 1 சதவீதம். தடையை முழுவதுமாக நீக்கினால் வரும் உச்சக் கணக்கு இது. எந்தக் குழாயும் தடையைப் பூஜ்யமாக்காது. 163 குதிரைத்திறன் கொண்ட ஒரு பிக்கப்பில் இதன் பலன் ஒன்றரை குதிரைத்திறனைத் தாண்டுவது கடினம். ஏ.சி.யை அணைத்துவிட்டு ஏறினால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

மைலேஜ் கூடும் என்பது இதைவிடவும் பலவீனமான வாதம். குழாயில் ஏற்படும் தடை, அதன் வழியே போகும் புகையின் அளவின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. புகை பாதியானால் தடை கால்பங்காகிவிடும். ஓசூர் தாண்டி நான்குவழிச் சாலையில் காலை மிதமாக வைத்துக்கொண்டு போகும் லாரி, முழு லோடில் வெளியேற்றும் புகையில் பாதியைக்கூட வெளியேற்றுவதில்லை. அப்போது அந்த 0.1 பார் தடை 0.025 பாராகச் சுருங்கிவிடுகிறது, அதை நீக்கி மிச்சம் பிடிக்கும் டீசலை எந்தப் பங்க் மீட்டரிலும் பார்க்க முடியாது. டயரில் காற்று சரியாக அடித்து வைப்பவருக்கு இதைவிட நல்ல மைலேஜ் கிடைக்கும்.

குழாயின் விட்டம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நேரான குழாயில் உராய்வால் வரும் தடை, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. இரண்டரை அங்குலக் குழாயை மூன்று அங்குலமாக்கினால் அந்தத் தடை 40 சதவீதமாகக் குறைந்துவிடும். கேட்கும்போது பிரமாதமாக இருக்கும். மூன்றை நான்காக்கினால் மிச்சமிருப்பதில் கால்பங்குக்குக் கீழே போய்விடும். ஆனால் முதல் தடவை மிச்சம் பிடித்ததில் பாதியைத்தான் இரண்டாம் தடவை பிடிக்கிறோம், ஏனென்றால் குறைப்பதற்கு அங்கே எதுவும் அதிகமாக இல்லை. இதற்குமேல் போவது எடைக்கும் சத்தத்துக்கும் தான். வளைவுகள் வேறு இருக்கின்றன: மணல் நிரப்பாமல், சரியான அச்சு இல்லாமல் வளைத்த குழாயில் வளைவின் உட்புறம் நசுங்கிச் சுருங்கிவிடும், மூன்று அங்குலம் என்று காசு கொடுத்து வாங்கியது அந்த இடத்தில் இரண்டரைகூட இருக்காது. வாங்கும்போது நேர்த்துண்டை அளந்து பார்ப்பவர்கள் உண்டு, வளைவை அளந்து பார்த்தவரை நான் பார்த்ததில்லை.

இதுவரை சொன்னது இயற்பியல். அடுத்தது, இன்றைய வண்டிகளில் இழுவையைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி. காமன் ரெயில் (மின்னணு முறையில் டீசல் தெளிக்கும்) வண்டியில் அது இ.சி.யு. என்ற இன்ஜின் கணினி. எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும், டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதற்கு அதற்குள் அட்டவணை இருக்கிறது. புதுக் குழாயால் டர்போ சுலபமாகச் சுழன்று அழுத்தம் இலக்கைத் தாண்டப் பார்த்தால், இ.சி.யு. வேஸ்ட்கேட்டை (புகையின் ஒரு பகுதியை டர்போ சக்கரத்தைத் தொடாமல் விடும் வால்வை) திறந்தோ, டர்போவின் இறகுகளை விரித்தோ அதைப் பழைய இலக்குக்கே கொண்டுவந்துவிடும். டீசலும் கூடாது, அழுத்தமும் கூடாது, எனவே உச்ச இழுவையும் கூடாது. நான் மேலே கணக்குப் போட்ட அந்த 1 சதவீதம்தான் மிச்சம்.

ஓர் இடத்தில் மட்டும் வித்தியாசம் தெரியலாம், அதை மறைப்பது நியாயமல்ல. குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தியவுடன் டர்போ முழு அழுத்தத்துக்கு வருவதற்குள், கறும்புகை வராமலிருக்க இ.சி.யு. டீசலைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும். காற்று வரவர டீசலையும் கூட்டும். டர்போ சற்று முன்னதாகச் சுழன்றால் அந்தக் கட்டுப்பாடு சற்று முன்னதாகத் தளரும். சில்க் போர்டு சிக்னலில் நின்று கிளம்பும் வண்டியில் இது கொஞ்சம் துடிப்பாகத் தெரியக்கூடும். ஆனால் குறைந்த வேகத்தில் புகையும் குறைவு, குழாயின் தடையும் குறைவு என்பதால் அந்தக் கொஞ்சம் உண்மையிலேயே கொஞ்சம்தான். சத்தம் மாறியதால் வேகம் கூடியதுபோல் தோன்றுவதை இதிலிருந்து பிரித்துப் பார்க்க ஓட்டுபவருடைய காதுக்குத் தெரியாது.

டைனோவில் (வண்டியின் சக்தியை அளக்கும் கருவியில்) ஏற்றிக் காட்டுகிறோம் என்று சில கடைகள் சொல்கின்றன. பெங்களூரில் அந்தத் தாளைப் படிக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. இந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், டர்போ இல்லாத இன்ஜின் கடல்மட்டத்தில் கொடுப்பதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவாகக் கொடுக்கும். அதைச் சரிக்கட்ட டைனோ மென்பொருள் ஒரு திருத்தக் காரணியால் பெருக்கிக் காட்டும். டர்போ வண்டி இழந்த காற்றைத் தானே அமுக்கி ஈடுகட்டிக்கொள்கிறது. அதற்கும் அதே காரணியைப் போட்டால் இல்லாத குதிரைகள் தாளில் ஓடும். முன்பு எடுத்த தாளில் திருத்தம் இல்லாமலும், பின்பு எடுத்த தாளில் திருத்தத்தோடும் இருந்தால் குழாயே மாற்றாமல் பத்து சதவீத முன்னேற்றம் காட்டலாம். திருத்தம் ஒரேமாதிரி இருந்தாலும், டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடாக இருக்கும்போது ஓட்டியதும் ஆறியபின் ஓட்டியதும் சில சதவீதம் மாறுபடும். 1 சதவீதத்தை அந்த இரைச்சலுக்குள் தேடிப் பிடிப்பது கடினம்.

இனி என் அத்தை மகனுடைய லாரிக்கு வருகிறேன். அது பழைய வண்டி, இ.சி.யு. இல்லாத பம்ப் வண்டி. 1951-ல் தொடங்கப்பட்டு பெங்களூரு ஆடுகோடியில் இயங்கிய மைக்கோ நிறுவனம், இன்றைய பாஷ், தென்னிந்தியா முழுவதும் பரப்பிய அந்த வகை டீசல் பம்ப்பில் டயாஃப்ரம் என்ற ஒரு சவ்வு இருக்கும். டர்போவின் அழுத்தம் அதை அழுத்தும்போதுதான் பம்ப் முழு டீசலையும் விடும். இப்படிப்பட்ட வண்டியில் டர்போ அழுத்தம் வரவில்லையென்றால் டீசலும் வராது, டீசல் வராவிட்டால் புகை வராது, புகை வராவிட்டால் டர்போ சுழலாது; ஒன்று கெட்டால் மூன்றும் சுருண்டுவிடும். அவருடைய குறை, முன்பெல்லாம் ஏறிய மேட்டில் இப்போது கியரைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்பது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு வரை ஏறக்குறைய 400 மீட்டர் உயர்வு இருக்கிறது, அதுவும் தக்காளி லோடோடு ஏறும் திசையிலேயே. வெறும் வண்டியாகத் திரும்பும்போது இறக்கம். எனவே அவருக்கு இழுவை என்பது அன்றாடப் பிழைப்பு விஷயம்.

"புது பைப்பு வாங்குறதுக்கு முன்னாடி பழைய பைப்பு என்ன சொல்லுதுன்னு பாத்துடலாம் மச்சான்" என்று சொல்லி, ஜெனரேட்டர் வேலையில் நாங்கள் செய்யும் சோதனையையே லாரியில் செய்தோம். டர்போவின் வெளிவாயிலிலிருந்து சற்றுத் தள்ளி, குழாயில் ஒரு துளை போட்டு அதன்மேல் ஒரு நட்டை வெல்டு வைத்து, அதில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் செப்புக் குழாயை மாட்ட வேண்டும். புகை அந்தச் செப்பில் ஆறிய பிறகுதான் ரப்பர் குழாய்க்குப் போக வேண்டும், இல்லையென்றால் உருகிவிடும். அந்த ரப்பர் குழாயின் மறுமுனை, கேபினுக்குள் ஒரு பலகையில் 'யு' வடிவில் கட்டிய கண்ணாடிபோல் தெரியும் குழாயில் சேரும். அதற்குள் சாயம் கலந்த தண்ணீர், பக்கத்தில் அளவுகோல். இருபுறமும் உள்ள நீர்மட்டத்தின் வித்தியாசம் 10 சென்டிமீட்டர் என்றால் பின்னழுத்தம் 0.01 பார். பழைய டர்போ டீசல் இன்ஜின்களின் கையேடுகளில் வழக்கமாகக் காணப்படும் வரம்பு 3 அங்குலப் பாதரசம், அதாவது 0.1 பார், நீர்க்கணக்கில் ஏறக்குறைய ஒரு மீட்டர். தண்ணீர் துள்ளாமலிருக்க ரப்பர் குழாயை ஓரிடத்தில் கிள்ளி வைத்தால் போதும். நிற்கும் வண்டியில் ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பார்ப்பதில் பயனில்லை. லோடோடு, ஏற்றத்தில், முழு மிதியில் அளக்க வேண்டும்.

சூளகிரி ஏற்றத்தில் லோடோடு மிதித்தபோது தண்ணீர் அளவுகோலைத் தாண்டி, குழாயின் வாய்வழியாக டேஷ்போர்டில் கொட்டியது. வரம்பு ஒரு மீட்டர். நாங்கள் கட்டியிருந்த குழாயோ அதைவிட நீளமானது. பட்டறைக்கு வந்ததும் சைலன்சரை இறக்கிக் கிரைண்டரால் அறுத்துப் பார்த்தோம். உள்ளே இருக்கும் தடுப்புத் தகடு ஒன்று துருப்பிடித்து, பற்றவைப்பு விட்டு, கழன்று போய் வெளிக்குழாயின் வாயில் மூடிபோல் குந்தியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெயின்டுகூடப் போகாத சைலன்சர். தட்டிப் பார்த்தால் மட்டும் உள்ளே சலசலவென்று ஒரு சத்தம்.

அதே அளவிலான, அதே மாதிரியான சாதாரண சைலன்சர் ஒன்றை மாட்டியதும் நீர்மட்டம் வரம்புக்குள் நன்றாக அடங்கிவிட்டது, வண்டியும் பழையபடி ஏறியது. இந்த இடத்தில்தான் நான் கடைக்காரரோடு சண்டை போடுவேன். அவருடைய மூன்று அங்குல எஸ்.எஸ். குழாயைப் போட்டிருந்தாலும் வண்டி ஏறியிருக்கும், என் அத்தை மகன் அந்தக் குழாயின் புகழை ராயக்கோட்டை மண்டி வரைக்கும் பரப்பியிருப்பார். குழாய் மாற்றியதும் வண்டி பறக்கிறது என்று சொல்பவர்களில் பலர் பொய் சொல்வதில்லை. அவர்கள் புதிய குழாயை நல்ல நிலையில் இருந்த பழைய குழாயோடு ஒப்பிடாமல், அடைத்துப்போன குழாயோடு ஒப்பிடுகிறார்கள். இரட்டைச் சுவர்க் குழாய்களில் உட்சுவர் மட்டும் உள்வாங்கி மடிந்துவிடுவதும், ஆக்சிலுக்கு மேல் போகும் பகுதி கல்லில் இடித்து நசுங்கியிருப்பதும் இதே கதைதான்.

டர்போவுக்கு முன்னால் இருக்கும் பகுதி வேறு விதி கொண்டது, அங்கே பெரிய குழாய் என்ற பேச்சே ஆபத்து. இன்ஜினிலிருந்து டர்போ வரை புகை சூடாகவும் வேகமாகவும் சிறிய வழியில் போக வேண்டும். அங்கே அகலப்படுத்தினால் ஒவ்வொரு சிலிண்டரும் அனுப்பும் உந்துதல் கரைந்துபோய் டர்போ தாமதமாகத்தான் எழும். அங்கே ஒழுக்கு இருந்தாலும் அப்படியே. சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் மேனிஃபோல்டின் கேஸ்கட் ஓரத்தில் கரிபடிந்த கறுப்புக் கோடு தெரிகிறதா, ஸ்டட் உடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதற்குச் செலவில்லை. இன்டர்கூலர் ரப்பர் குழாயின் கிளாம்ப் அருகில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அங்கே காற்று போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். காற்று வடிகட்டியைச் சொல்லவே வேண்டாம்.

பெரிய குழாய் உண்மையிலேயே தேவைப்படும் வண்டிகளும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வரும் வீடியோக்களில் நான்கு அங்குலம், ஐந்து அங்குலக் குழாய் போட்டு அசத்தும் பிக்கப்களை எல்லோரும் பார்க்கிறோம். 1989-ல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜின், நம் ஊரில் டாடா லாரிகளுக்காக ஜாம்ஷெட்பூரில் தயாரான அதே குடும்பத்து இன்ஜின். அங்கே அது 160 குதிரைத்திறனோடு வந்தது. அதை வைத்திருப்பவர்கள் பம்ப்பைத் திருகி, நாசிலை மாற்றி, பெரிய டர்போ போட்டு, இருமடங்கு சக்திக்குக் கொண்டுபோகிறார்கள். இருமடங்கு புகைக்குப் பழைய குழாய் நான்கு மடங்கு தடை கொடுக்கும், 0.1 பார் 0.4 பாராகிவிடும். அங்கே குழாயை மாற்றாமல் இருப்பதுதான் தவறு. அந்தத் தடையால் புகையின் சூடு ஏறும், டர்போவும் பிஸ்டனும் அதைத் தாங்க வேண்டும். அதனால்தான் அவர்கள் டேஷ்போர்டில் புகையின் வெப்பம் காட்டும் மீட்டர் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சக்தி வந்தது டீசலாலும் காற்றாலும். குழாய் அதற்கு வழிவிட்டது, அவ்வளவே. வீடியோவில் கடைசியாகக் காட்டப்படுவது குழாய் என்பதால் அதற்கே பெயர் கிடைத்துவிடுகிறது. நம் ஊரில் அளவுக்கு மீறி லோடு ஏற்றும் வண்டியில் பம்ப்பையும் திருகினால் என்ன ஆகும் என்பதை இன்ஜின் வேலை செய்யும் எந்தப் பட்டறையிலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

லாரிக்கு மட்டும் உரிய இன்னொரு விஷயம் இருக்கிறது, கடையில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பெரும்பாலான லாரிகளில் டர்போவுக்குப் பின்னால் புகைக்குழாயிலேயே எக்ஸாஸ்ட் பிரேக்கின் வால்வு இருக்கிறது. டிரைவர் அதை இயக்கும்போது அந்தத் தகடு குழாயை மூடி, நாம் இவ்வளவு நேரம் குறைக்கப் பார்த்த அதே பின்னழுத்தத்தை வேண்டுமென்றே பல மடங்கு ஏற்றி, இன்ஜினையே பிரேக்காக மாற்றுகிறது. டர்போவிலிருந்து பின்பம்பர் வரை முழுக்குழாய் என்று விற்கப்படும் செட்டைப் பொருத்தும்போது சில பட்டறைகள் அந்த வால்வைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுகின்றன, "அது இல்லாட்டியும் ஓடும்ணே" என்ற உத்தரவாதத்தோடு. ஓடும்தான். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் நிறைய லோடோடு, கால் பிரேக்கை மட்டும் நம்பி, பிரேக் லைனிங் சூடேறி வழுக்கும் நிலைக்கு வரும்போது அந்த வால்வின் அருமை தெரியும். அந்த இறக்கத்தில் எத்தனை விபத்துகள் நடந்திருக்கின்றன என்பதை அந்தப் பக்கம் லாரி ஓட்டுபவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1 சதவீத இழுவைக்காக அதை இழப்பது எனக்கு எந்தக் கணக்கிலும் சரிவரவில்லை.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்கப்பட்ட பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் புகை வரம்பு) வண்டிகளுக்கு இந்தப் பேச்சு ஏறக்குறைய முடிந்துபோன பேச்சு. கனரக வண்டிகளில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு பி.எஸ். 4-ல் ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம், பி.எஸ். 6-ல் அது 0.4 கிராம். பி.எஸ். 6 புகை வரம்புகளை எட்ட வைக்கும் முக்கியக் கருவிகள் புகைக்குழாயிலேயே உட்கார்ந்திருக்கின்றன: முதலில் ஆக்சிஜனேற்ற வினையூக்கி, பிறகு கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, பிறகு 32.5 சதவீத யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்.சி.ஆர். குழாயில் உள்ள தடையில் பெரும்பங்கு இவற்றினுடையது. இவற்றுக்குப் பின்னால் இருக்கும் சைலன்சரை மட்டும் மாற்றினால் இழுவையில் கிடைப்பது சொல்லத்தக்கதாக இருக்காது. இவற்றையே கழற்றிவிடுவதென்றால், அழுத்த சென்சாரும் நைட்ரஜன் ஆக்சைடு சென்சாரும் உடனே காட்டிக்கொடுக்கும், இ.சி.யு. இழுவையைக் குறைத்து வண்டியை நொண்ட வைக்கும். அதை ஏமாற்ற மென்பொருள் மாற்ற வேண்டும், அதோடு வாரண்டி போகும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அங்கே 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இப்படிக் கழற்றப்பட்டிருந்தன. அதன்பின் கிட் விற்றவர்கள் மீது வழக்குக்கு மேல் வழக்கு வந்தது. வீடியோக்களில் வரும் பழைய சாகசங்களைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் சட்டமும் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஒலி, புகை வரம்பை மீறினால் 190-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை போகலாம். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றிதழுக்கு) போகும் மஞ்சள் போர்டு வண்டிக்காரருக்கு இதெல்லாம் காகிதத்தில் மட்டும் இருக்கும் சங்கதியல்ல.

குழாய் துருப்பிடித்து எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், அதே விட்டத்தில், நசுங்காத வளைவுகளோடு, ஒரிஜினல் அமைப்பில் உள்ள சைலன்சரையே கேட்டு வாங்கலாம். டர்போவுக்கு அடுத்து வரும் நெளிவுக் குழாயைத் தவிர்த்துவிட்டு நேராக வெல்டு வைக்க விடாதீர்கள். இன்ஜின் ஆடும்போது அந்த ஆட்டமெல்லாம் டர்போவின் உடலுக்குப் போய் அதன் ஸ்டட்டை உடைக்கும். குழாயின் எடையைச் சேசிஸில் உள்ள கொக்கிகள் தாங்க வேண்டும், டர்போ தாங்கக் கூடாது. எக்ஸாஸ்ட் பிரேக் வால்வு பழைய இடத்திலேயே வந்திருக்கிறதா, அதன் காற்றுக் குழாய் இணைந்திருக்கிறதா என்று பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். இழுவை கூடும் என்று சொல்லி யாராவது பெரிய குழாய் விற்க வந்தால், மாட்டுவதற்கு முன்பும் பின்பும் அதே ஏற்றத்தில், அதே லோடில், அதே ஆர்.பி.எம்.மில் பின்னழுத்தத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். அதற்குத் தேவையானது ஒரு நட்டு, ஒரு மீட்டர் செப்புக் குழாய், கொஞ்சம் சாயத் தண்ணீர்.